கூலியாள் கோலத்தில் வந்த குருவானவர்
புனித யோசேவாஸ் அடிகளார் (1651–1711)

ஆண்டுதோறும் ஜனவரியில் பாடசாலை தொடங்கி, புதுப் புத்தகங்களுக்கு உறை போட்டு முடிக்குமுன்னே 16ஆம் திகதி வந்துவிடும். அன்று புனித யோசேவாஸ் அடிகளாரின் திருநாள். பனி விலகாத காலைக் கூட்டத்தில் கைகட்டி நின்று அவருடைய வரலாற்றைக் கேட்ட நினைவு நம்மில் பலருக்கு உண்டு. கண்டியில் மழை வேண்டிச் செபித்தவர், அம்மை கண்டவர்களுக்குப் பணிவிடை செய்தவர் என்ற இரண்டு செய்திகள் மனத்தில் தங்கின. மற்றவற்றை மறந்துவிட்டோம்.

இந்த நூற்றாண்டு மலரில் பெரியார் ஒருவரின் வாழ்வை எழுத எண்ணியபோது நாம் அவரையே தெரிந்துகொண்டோம். அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அவர் நம் முன்னோர் வந்த வழியில் வந்தவர். தமிழ்நாட்டுக் கரையில் தோணி ஏறி, மன்னார்க் கடலைக் கடந்து, கூலியாளின் உடையில் இந்நாட்டில் கால் வைத்தவர்; பின்பு காட்டுவழி நடந்தே மலைநாட்டை அடைந்தவர். கோப்பித் தோட்டங்களுக்கு நம் மூதாதையர் வருவதற்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது. மற்றது, கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டே விசுவாசத்தைத் திரித்துக் கூறுவோர் மத்தியில் உண்மையை எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு அவருடைய வாழ்வு முழுவதுமே பதிலாக இருந்தது. அந்தக் கேள்வி இன்று நம் லயங்களின் வாசலிலும் நிற்கிறது.

இளமையும் குருத்துவமும்

அடிகளார் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி, கோவாவில் பெனவுலிம் என்னும் ஊரில், தம் தாயின் பிறந்த வீட்டில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாம் வாஸ், தாயார் மரியா டி மிராண்டா. தந்தையின் ஊர் சாங்கோலே. கொங்கணி மொழி பேசிய பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம் அது. ஊர்ப் பள்ளியில் போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்று, பழைய கோவாவில் இயேசு சபையாரின் கல்லூரியிலும் பின்னர் தொமினிக்கன் சபையாரிடமும் மேற்கல்வி பெற்று, 1676இல் குருப்பட்டம் பெற்றார்.

அக்காலக் கோவாவில் உள்ளூர்க் குருவானவர்களுக்கு மதிப்புக் குறைவு. ஐரோப்பியத் துறவற சபைகள் இந்நாட்டவரைத் தம்முள் சேர்த்துக்கொள்வது அரிது. அத்தகைய சூழலில் பட்டம் பெற்ற இளங்குருவானவர் தமது காலணிகளைக் கழற்றிவிட்டு, ஏழைகளைப் போல வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார். சாங்கோலேயில் பிள்ளைகளுக்கு இலத்தீன் பள்ளி நடத்தினார். 1677 ஆகஸ்ட் 5ஆம் திகதி, தம்மைத் தேவமாதாவுக்கு நிரந்தர அடிமையாக எழுதிக்கொடுத்து, ஒரு சாசனத்தில் கையொப்பமிட்டார். அடிமைகள் விலைக்கு விற்கப்பட்ட காலம் அது. அந்தச் சொல்லின் கசப்பை அறிந்தே அதை அவர் எழுதினார் என்று நாம் எண்ணுகிறோம். கன்னடப் பகுதியில் பணியாற்றிய நாட்களில் அடிமைகளை விலைகொடுத்து மீட்டுவிட்டதும் அவருடைய வரலாற்றில் உண்டு.

அவர் இலங்கைக்கு வர விரும்பினார். ஆனால் 1681இல் மேலதிகாரிகள் அவரைக் கன்னட நாட்டுக்குப் பொறுப்பாளராக அனுப்பினார்கள். திருச்சபைக்கு உள்ளேயே எழுந்த பிளவை அவர் முதன்முதலில் நேருக்கு நேர் கண்டது அங்கேதான். கோவாப் பேராயர் போர்த்துக்கல் மன்னரின் உரிமையை வைத்துக் குருவானவர்களை நியமித்தார். உரோமாபுரியோ நேரடியாக வேறோர் ஆயரை அங்கு நியமித்திருந்தது. எந்தப் பக்கத்துக் குருவானவர் தரும் அருட்சாதனம் செல்லும், எது செல்லாது என்று மக்கள் குழம்பினர். சிலர் கோவிலுக்குப் போவதையே விட்டுவிட்டனர். அடிகளார் எந்தப் பக்கத்தையும் மேடையேறித் தாக்கவில்லை. ஆயரைத் தேடிச் சென்று பணிவோடு பேசினார். தீர்ப்பை உரோமாபுரிக்கு விட்டு, அதுவரை மக்களுக்கு இடறலாக எதையும் செய்யாதிருக்க இரு பக்கத்தாரையும் மன்றாடினார். சண்டைக்காக மூடியிருந்த கதவுகள் திறந்தன, பள்ளிகளும் எழுந்தன. உண்மைக்காக நிற்பதும் சண்டைக்காக நிற்பதும் ஒன்றல்ல என்பதை முப்பது வயதிலேயே அவர் அறிந்திருந்தார்.

1685 செப்டெம்பரில் பழைய கோவாவின் அற்புதச் சிலுவை ஆலயத்தில் ஒன்றுகூடி வாழ்ந்த உள்ளூர்க் குருவானவர் சிலரோடு சேர்ந்தார். அவர்கள் அவரையே தலைவராகத் தெரிந்தனர். இந்திய மண்ணின் குருவானவர்களைக் கொண்டே உருவான ஒறற்றோரியன் சபை அவ்வாறு வேரூன்றியது. அங்கிருந்துதான் பின்னர் இலங்கைக்கு ஒருவர் பின் ஒருவராகக் குருவானவர்கள் வந்தார்கள்.

குருவானவர் இல்லாத முப்பது ஆண்டுகள்

அப்போது இலங்கை எப்படியிருந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடர முடியாது. 1656இல் கொழும்பும், 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. ஒல்லாந்தரும் கிறிஸ்தவரே, ஆனால் கல்வினின் போதனையைப் பின்பற்றிய சீர்திருத்த சபையினர். கத்தோலிக்கக் குருவானவர்களை அவர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றினர். ஒரு குருவானவருக்கு ஒளிக்க இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658இல் கட்டளை பிறந்தது. ஆலயங்கள் பறிக்கப்பட்டு அவர்களுடைய வழிபாட்டிடங்களாகவும் பள்ளிகளாகவும் மாறின. பூசை விக்கிரக வணக்கம் என்றும், தேவமாதாவையும் புனிதரையும் வணங்குவது பாவம் என்றும், நற்கருணையில் ஆண்டவர் மெய்யாக இல்லை என்றும் கற்பிக்கப்பட்டது.

இதைவிட ஆழமாகப் பாய்ந்த தீங்கு வேறொன்று. ஞானஸ்நானமும் திருமணமும் ஒல்லாந்தரின் பள்ளிப் பதிவேட்டில் ஏறினால்தான் சட்டப்படி செல்லும். பதவி வேண்டியவர் அவர்களுடைய சபையில் சேரவேண்டும். ஆகவே ஆயிரக்கணக்கானோர் பகலில் ஒல்லாந்தரின் பள்ளியில் பெயர் பதிந்து, இரவில் வீட்டில் செபமாலை சொன்னார்கள். சிலர் இரவிலும் சொல்வதை விட்டார்கள். விசுவாசம் என்பது பதிவேட்டில் ஒரு பெயர், அதனால் கிடைக்கும் ஓர் உத்தியோகம் என்ற எண்ணம் மெல்ல மெல்ல மனங்களில் ஊறியது. எந்தப் பிரசங்க மேடையிலும் வெளிப்படையாகச் சொல்லப்படாத தவறான போதனை இது. அதனாலேயே எதிர்ப்பதற்கு மிகக் கடினமானதும் ஆயிற்று.

ஒல்லாந்தர் செய்ததெல்லாம் தீமை என்று நாம் சொல்லமாட்டோம். ஊர்தோறும் பள்ளி வைத்தார்கள். வேதாகமத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சேற்றினார்கள். இன்று சீர்திருத்த சபை வழிவந்த சகோதரிகள் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பழைய பகையைப் புதுப்பிப்பது நம் நோக்கமன்று. ஆட்சியின் வாளும் பதவியின் ஆசையும் சேர்ந்து விசுவாசத்தை விலைபேசியபோது என்ன நேர்ந்தது என்பதையே இங்கு சொல்கிறோம்.

இந்த முப்பது ஆண்டுகளில் விசுவாசத்தைக் காத்தவர்கள் யார்? மூப்பர்களும் அண்ணாவிமாரும் ஒரு பக்கம். மறுபக்கம், குப்பி விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் போடவும் அருள் நிறைந்த மரியே சொல்லவும் கற்றுக்கொடுத்த தாய்மார். அவர்களுடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் அவர்கள் இல்லாதிருந்தால், அடிகளார் வந்தபோது கதவைத் திறக்க ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

மன்னார்க் கடலைக் கடந்து

ஐரோப்பியக் குருவானவர் ஒருவர் இலங்கையில் இறங்கினால் உடனே பிடிபடுவார். இந்தியர் ஒருவர் ஏழையின் உடையில் வந்தால் கூட்டத்தோடு கலந்துவிடலாம். இதைக் கணக்கிட்டே அடிகளார் 1686இல் கோவாவிலிருந்து புறப்பட்டார். யோவான் என்ற இளைஞர் துணைக்கு வந்தார். மேற்குக் கரையோரமாக நடந்து தூத்துக்குடியை அடைந்தார்கள். இலங்கையின் வடக்கில் பேச வேண்டிய மொழி தமிழ் என்பதால் அதை மனம்வைத்துக் கற்றார். நம் தாய்மொழி, அந்தப் புனிதருக்கு உழைத்துத் தேடிய மொழி.

1687இல் கூலியாளின் உடையில் தோணி ஏறினார்கள். கடல் கொந்தளித்து, பசியிலும் தாகத்திலும் வாடி, மன்னார் வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்தபோது அடிகளாரைக் கடுமையான வயிற்றுளைவு பிடித்திருந்தது. வழியோரத்தில் கிடந்த அந்த அந்நியரை யாரென்று அறியாமலே ஓர் ஏழைப் பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துப் பிழைக்கவைத்தாள் என்று வரலாறு சொல்கிறது. இலங்கைத் திருச்சபையின் மறுமலர்ச்சி அந்தக் கஞ்சிச் சிரட்டையிலிருந்து தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

நோய் தணிந்ததும் வேறொரு சிக்கல். எந்த வீடு கத்தோலிக்க வீடு என்று எப்படி அறிவது? கேட்டால் காட்டிக்கொடுப்பார்கள். அடிகளார் கழுத்தில் பெரிய செபமாலை ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டதும் சிலர் வெறுப்போடு விரட்டினர். சிலர் பார்க்காதவர்போல் இருந்தனர். சிலருடைய கண் மட்டும் அதிலேயே தங்கியது. அந்த வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார். நம்பிக்கை உறுதியான பின்னரே தாம் ஒரு குருவானவர் என்பதை வெளிப்படுத்தினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். நள்ளிரவில் பூசை கண்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் விசுவாசத்துக்குப் பேர்போன சில்லாலைக் கிராமம் அவரைத் தன்னிடம் வைத்துக் காத்தது. அங்கிருந்து இரவில் ஊர் ஊராகச் சென்று பொழுது விடியுமுன் திரும்புவார். ஒல்லாந்தருக்குச் செய்தி எட்டியது. 1689இல் கிறிஸ்து பிறப்பு இரவில் பூசைக்கு ஆயத்தமாகிக் கூடியிருந்த மக்களைப் போர்வீரர் சுற்றிவளைத்தனர். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். சீர்திருத்த சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்குத் திரும்பியிருந்த தொன் பேதுரு என்பவர் அடியுண்டு மாண்டார். வேறு சிலர் கட்டாய வேலையில் அழிந்தனர். அடிகளார் தப்பினார். தமக்காக மற்றவர்கள் பட்ட துன்பம் அவருடைய உள்ளத்தை எப்படி வருத்தியிருக்கும்! ஆனாலும் அவர் கோவாவுக்குத் திரும்பவில்லை. ஒல்லாந்தரின் ஆட்சி எட்டாத புத்தளத்துக்குப் போனார். அது அப்போது கண்டி மன்னரின் நாடு.

கண்டியின் கைதி

இங்கே ஓர் உண்மையை நம் நாட்டவர் எல்லாரும் நினைவில் வைக்கவேண்டும். கிறிஸ்தவ அரசொன்று வேட்டையாடிய குருவானவருக்குப் புகலிடம் தந்தவர் ஒரு பௌத்த மன்னர். ஆனால் அந்தப் புகலிடம் உடனே கிடைத்துவிடவில்லை.

1692இல் அந்தோனியோ சொத்தோமாயோர் என்ற வணிகரோடு அடிகளார் கண்டிக்குப் புறப்பட்டார். அங்கே அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்தவர் லனறோல் என்ற பிரெஞ்சுக்காரர். 1672இல் பிரெஞ்சுத் தூதராக வந்து அங்கேயே தங்கிவிட்டவர்; கல்வினின் போதனையில் ஊறியவர். வருபவர் குருவானவர் அல்லர், போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று அவர் மன்னரிடம் கோள்சொன்னார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் நம்பினார். அடிகளார் விலங்கிடப்பட்டுக் கண்டிக்குக் கொண்டுவரப்பட்டார். மலைநாட்டுத் தலைநகருக்குள் இலங்கையின் திருத்தூதர் நுழைந்தது ஒரு கைதியாகவே.

சிறையிருந்த அவர் லனறோலுக்கு எதிராக முறையிட்டதாகவோ வாதாடியதாகவோ வரலாறு இல்லை. காவலிருந்தவர்களிடம் சிங்களம் கற்றார். ஓலையும் தடியும் கொண்டு ஒரு சிறு குடில் கட்டி, அதில் பூசை ஒப்புக்கொடுத்தார். போர்த்துக்கேயர் காலத்திலிருந்து கண்டியில் தங்கிவிட்ட கத்தோலிக்கர்கள் ஒவ்வொருவராக அங்கு வரத் தொடங்கினர். காவலர் பார்த்ததெல்லாம், குறைவாக உண்டு நிறையச் செபிக்கும் ஒரு மனிதரை. ஒற்றரின் இலட்சணம் எதையும் அவரிடம் காணவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கட்டுகள் தளர்ந்தன. நகருக்குள் நடமாட விடப்பட்டார். பாவிகளின் மனமாற்றத்துக்காகத் தேவமாதாவின் பெயரில் கண்டியில் ஆலயமும் எழுப்பினார்.

பின்பு கடும் வரட்சி வந்தது. வேண்டுதல்கள் பலவும் நடந்து மழை பெய்யாதபோது மன்னர் அடிகளாரையும் கேட்டார். அவர் வெளியிடத்தில் ஒரு பீடம் அமைத்து, சிலுவையை வைத்து, முழந்தாளிட்டுச் செபித்தார். மழை கொட்டியது, பீடமும் அவர் இருந்த இடமும் மட்டும் நனையவில்லை என்று அக்கால மக்கள் சாட்சி சொன்னார்கள். அதன்பின் நாடெங்கும் சென்று போதிக்க மன்னர் அவருக்கு விடுதலை கொடுத்தார். நம் பாடப்புத்தகத்தில் இது பெரிய அற்புதம். நமக்கோ இதற்கு அடுத்து நடந்தது இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது.

அம்மை நோயும் ஓலைக் குடில்களும்

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னரும் பிரதானிகளும் நகரை விட்டு நீங்கினர். நோய் கண்டவர்களை உறவினரே காட்டில் கொண்டுபோய்விட்டனர். அப்போது கோவாவிலிருந்து புதிதாக வந்திருந்த உதவிக் குருவானவர்களில் ஒருவரான யோசே கர்வாலோ அடிகளாரின் மருமகன் முறையானவர். மாமனும் மருமகனும் காட்டுக்குள் போனார்கள். ஓலைக் குடில் கட்டினார்கள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள், புண்ணைக் கழுவினார்கள், கழிவை அப்புறப்படுத்தினார்கள், இறந்தவர்களைத் தாமே குழிதோண்டிப் புதைத்தார்கள். நோயாளி பௌத்தரா, கத்தோலிக்கரா, ஒல்லாந்தர் சபையில் பெயர் பதிந்தவரா என்று கேட்கவில்லை. மாதக்கணக்கில் இது நடந்தது.

இந்தக் குருவானவர் இல்லாதிருந்தால் தலைநகரின் தெருக்களில் பிணங்கள் குவிந்திருக்கும் என்று மன்னரே ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. ஒற்றர் என்ற பழி அத்தோடு ஒழிந்தது. லனறோலின் கோளை வாதத்தால் வென்றிருந்தால் அரண்மனையில் சிலர் மட்டும் அறிந்திருப்பார்கள். கஞ்சிப்பானையும் மண்வெட்டியும் சொன்ன பதிலை நாடு முழுவதும் அறிந்துகொண்டது.

அவர் விசுவாசத்தைக் காத்த முறை

பணிவிடை மட்டும் போதும், போதனை எதற்கு என்று அடிகளார் எண்ணினார் என்று யாரும் நினைக்கவேண்டாம். சத்தியத்தைத் தெளிவாகக் கற்பிப்பதில் அவர் சிறிதும் தளரவில்லை. செபங்களையும் ஞான உபதேசத்தையும் மக்களுடைய மொழிகளில் கொடுத்தார். குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறைகூட வரமுடியாத ஊர்களில் மூப்பரையும் அண்ணாவியையும் நியமித்து, ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டவும், பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும், சாவுத்தறுவாயில் இருப்போரோடு செபிக்கவும் பழக்கினார். நம் தோட்டங்களில் சுவாமி மாதம் ஒருமுறை வருவதும், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபம் நடத்துவதும் நமக்குப் பழகிய காட்சி. அந்த ஒழுங்கின் வேர் இங்கே இருக்கிறது.

ஒல்லாந்தருக்குப் பயந்து அவர்களுடைய சபையில் பெயர் பதிந்தவர்களை அவர் சபிக்கவில்லை. பயந்தவர்களைப் பொறுமையோடு ஏற்று, மெல்ல மெல்லத் துணிவூட்டினார். ஆனால் இரண்டு பக்கமும் நிற்பது தவறில்லை என்றும் அவர் சொல்லவில்லை. ஆளிடம் இரக்கம், போதனையில் உறுதி: இரண்டையும் ஒருசேர வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது பிள்ளைகளை வளர்த்த நம் எல்லாருக்கும் தெரியும்.

எழுத்தால் ஆற்றவேண்டிய பணிக்குத் தகுந்த ஆளையும் இறைவன் கொடுத்தார். 1705இல் கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நாற்பது நூல்கள் வரையில் இயற்றினார். கல்வினியரின் போதனைக்கு மறுமொழியாக எழுதியவையும் அவற்றுள் உண்டு. தவக்காலத்தில் நம் பாட்டிமார் கண்ணீர் மல்கக் கேட்ட வியாகுலப் பிரசங்கத்தின் மரபு அவர் வழியாகவே நம்மை வந்தடைந்தது.

யோசேவாஸ் அடிகளாரைத் தேடி உயர்பதவியும் வந்தது. ஆயருக்குரிய நிலையில் அவரை வைக்க மேலிடத்தில் எண்ணியபோது அவர் மறுத்துவிட்டார். பதவிக்காக விசுவாசத்தை மாற்றிய மக்களின் நடுவில், விசுவாசத்துக்காகப் பதவியை மறுத்த ஒருவர் நின்றார். இதற்கு மேல் ஒரு பிரசங்கம் தேவைப்படவில்லை.

இறுதி நாட்கள்

இருபத்துநான்கு ஆண்டுகள் அவர் இந்நாட்டில் நடந்தார். சொந்த ஊருக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அலைச்சலும் காய்ச்சலும் உடலை முறித்தன. கடைசியாக நோயுற்றுக் கண்டியில் படுத்தபோது, சுற்றியிருந்தவர்களிடம் அவர் கூறிய புத்தி இன்றும் நினைவுகூரப்படுகிறது: வாழ்நாள் முழுவதும் செய்யாமல் விட்டதைச் சாகும் வேளையில் செய்வது எளிதன்று என்பது அதன் சாரம். 1711 ஜனவரி 16ஆம் திகதி இரவில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது இலங்கையில் எழுபதாயிரம் கத்தோலிக்கரும், 15 ஆலயங்களும், 400 சிற்றாலயங்களும் இருந்ததாகக் கணக்குச் சொல்வார்கள். அவர் வந்திறங்கியபோது ஒரு குருவானவர்கூட இந்நாட்டில் இருக்கவில்லை.

கண்டியிலே அவரை அடக்கம் செய்தார்கள். சில பத்தாண்டுகளில் அரசர் மாறினர், மனங்களும் மாறின. கண்டி இராச்சியத்திலிருந்து குருவானவர்கள் வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் இடிந்தன. அடிகளாரின் கல்லறை இருந்த இடமும் மறைந்துபோயிற்று. கட்டடங்களில் விசுவாசத்தை வைத்திருந்தால் அதுவும் அன்றே அழிந்திருக்கும்.

1796இல் ஒல்லாந்தரின் ஆட்சி முடிந்து ஆங்கிலேயர் வந்தனர். 1806இல் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகள் நீங்கின. அப்போது ஒரு விந்தை நிகழ்ந்தது. ஒல்லாந்தரின் பதிவேடுகளில் இலட்சக்கணக்கில் இருந்த பெயர்கள், கட்டாயமும் பதவியும் இல்லாமற்போன சில ஆண்டுகளுக்குள் கரைந்துவிட்டன. தண்டனைக்கும் நட்டத்துக்கும் நடுவே நின்ற கத்தோலிக்கர் நிலைத்திருந்தனர். இலாபத்துக்காக வந்த விசுவாசம் இலாபத்தோடே போயிற்று. அடிகளார் பட்ட பாட்டின் பொருள் அவர் மறைந்து தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் எல்லாருக்கும் விளங்கியது.

1995 ஜனவரி 21ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார். இலங்கைக்கு முதல் புனிதர் கிடைத்தார். தோட்டங்களிலிருந்து இரவோடிரவாகப் பஸ் பிடித்துச் சென்று, கடற்காற்றில் விழித்திருந்து, அந்தக் காட்சியைக் கண்டவர்களில் நம் பழைய மாணவியரும் இருந்தார்கள்.

மலைநாட்டுப் பெண்களாகிய நமக்கு

இன்று விசுவாசத்தைக் காரணங்காட்டி இந்நாட்டில் எவரும் தேடப்படுவதில்லை. ஆனாலும் தவறான போதனை ஒழிந்துவிடவில்லை, உடையைத்தான் மாற்றிக்கொண்டது. நோய் வருவது விசுவாசக் குறைவால் என்றும், மாத்திரையை நிறுத்தினால்தான் இறைவன் குணமாக்குவார் என்றும் சொல்பவர்கள் நம் லயங்களுக்கும் வருகிறார்கள். சம்பளத்தில் பாதியைக் காணிக்கையாகப் போட்டால் இரண்டு மடங்காகத் திரும்பும் என்கிறார்கள். கொழுந்துக் கூடையோடு மலையேறி இறங்கும் தாயின் வறுமை அவளுடைய சாபம் என்கிறார்கள். நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டுப் படுக்கையில் விழுந்த அம்மாமாரை நாம் பார்த்திருக்கிறோம். இவை வெளியிலிருந்து வரும் தாக்குதல் அல்ல. கிறிஸ்துவின் பெயராலேயே சொல்லப்படுகின்றன.

பிறரை மட்டும் சுட்டிக்காட்டி நாம் தப்பிக்கவும் கூடாது. பிள்ளைக்குப் பாடசாலை அனுமதி கிடைக்கவேண்டும் என்பதற்காக மட்டும் ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடுவதும், அனுமதி கிடைத்தபின் கோவில் பக்கமே போகாததும் நம் நடுவில் இல்லையா? ஒல்லாந்தரின் பதிவேட்டுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? கோவிலுக்குள் வந்தபின்னும் சாதி பார்த்து வாங்கில் இடம் தேடுவது எந்தப் போதனை?

இவற்றை எதிர்த்துக் கூச்சலிடுவது எளிது. அடிகளார் காட்டிய வழி வேறு. ஒரு போதனை நம் வாசலுக்கு வரும்போது அவருடைய வாழ்வின் பக்கத்தில் அதை வைத்துப் பார்ப்போம். அது ஏழையிடம் பணம் கேட்கிறதா, அல்லது ஏழைக்குக் கஞ்சி காய்ச்சுகிறதா? நோயாளியைக் குற்றவாளியாக்குகிறதா, அல்லது அவருடைய புண்ணைக் கழுவுகிறதா? அயலவரை வெறுக்கக் கற்பிக்கிறதா, அல்லது அவர் எந்தச் சமயம் என்று கேளாமல் அவரோடு நிற்கிறதா? கஷ்ட காலத்தில் ஓடிப்போகிறதா, தங்கியிருக்கிறதா? இந்தச் சோதனைக்கு இறையியல் பட்டம் வேண்டியதில்லை. நம் பாடசாலையில் கன்னியர் கற்றுக்கொடுத்த ஞான உபதேசமும், கண்ணைத் திறந்து பார்க்கும் பழக்கமும் போதும். நம்மோடு படித்த இந்து, பௌத்த, இஸ்லாமியச் சகோதரிகளும் தத்தம் சமயத்துக்குள் எழும் போலிகளை இதே அளவுகோலால் அளந்துகொள்ளலாம்.

அடிகளாரின் கல்லறை இருந்த இடம் நமக்குத் தெரியாது. ஆனால் அவர் நடந்த கண்டியே நம் மறைமாவட்டத்தின் தலைநகர். அட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் கண்டிக்குப் போகும் ஒவ்வொரு முறையும், இந்த மலைகள் காடாயிருந்த காலத்தில் வெறுங்காலோடு நடந்த அந்தக் கூலியாள் கோலத்தை நினைத்துக்கொள்வோம். அவரைப் பிழைக்கவைத்த, பெயர் தெரியாத அந்த ஏழைப் பெண்ணையும் சேர்த்து நினைப்போம். புனிதராவது எல்லாருக்கும் கைகூடாது போகலாம். ஒரு சிரட்டைக் கஞ்சி கொடுப்பதும், பிள்ளைக்கு உண்மையான செபத்தைக் கற்றுக்கொடுப்பதும் நம் ஒவ்வொருவராலும் ஆகும். நூறு ஆண்டுகளாக இந்தப் பாடசாலை நம்மிடம் எதிர்பார்த்ததும் அவ்வளவே. அடுத்த நூறு ஆண்டுகளில் இங்கே படிக்கப்போகும் பிள்ளைகளுக்கும் அதையே கையளிக்க, புனித யோசேவாஸ் அடிகளார் நமக்காக வேண்டிக்கொள்வாராக.